ஹெர்2 பாசிட்டிவ் என்றதும் முட்டையை நிறுத்திவிட்டோம், சரியா டாக்டர்?

கேள்வி: என் அக்காவுக்கு 44 வயது, கும்பகோணத்தில் இருக்கிறார். இடது மார்பில் 3.2 செ.மீ. கட்டி, அக்குளில் ஒரு நெறிகட்டி. ஸ்கேனில் வேறு எங்கும் பரவவில்லை. பயாப்சி ரிப்போர்ட்டில் ஈ.ஆர். நெகட்டிவ், பி.ஆர். நெகட்டிவ், ஹெர்2 3+, கி-67 45 சதவீதம் என்று வந்திருக்கிறது. "புற்றுநோயை வளர்க்கிற புரதம் அதிகமாக இருக்கிறது, இது வேகமான வகை" என்றார் டாக்டர். அன்றிலிருந்து முட்டை, பருப்பு, பால் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டோம். அத்தான் உடனே ஆபரேஷன் செய்துவிடலாம் என்கிறார். டாக்டரோ முதலில் ஆறு சுற்று மருந்து, அப்புறம்தான் ஆபரேஷன் என்கிறார். கட்டியை உள்ளே வைத்துக்கொண்டு நாலைந்து மாதம் எப்படி இருப்பது? கீமோ இல்லாமல் டார்கெட் ஊசி மட்டும் போடக்கூடாதா? அது இதயத்தைக் கெடுக்கும் என்கிறார்களே? வெளிநாட்டுக் கம்பெனி மருந்துக்கு வசதியில்லை, விலை குறைந்ததெல்லாம் போலி என்று ஒருவர் பயமுறுத்துகிறார். எனக்கு 37 வயது, எனக்கும் இது வருமா?

பதில்:

முதலில் அக்காவுக்கு முட்டையைத் திரும்பக் கொடுங்கள், இன்றைக்கே. பருப்பு, பால், தயிர், மீன் சாப்பிடுகிறவர் என்றால் மீன், எல்லாமே. ரிப்போர்ட்டில் இருக்கிற ஹெர்2 தட்டில் இருந்து போகிற சமாச்சாரம் இல்லை. அது கட்டியின் செல் தானாகவே செய்துகொள்கிற ஒரு புரதம், நீங்கள் பட்டினி போட்டாலும் அது குறையாது. குறையப்போவது அக்காவின் எடையும் தெம்பும்தான். கீமோவுக்கு இடையில் வெள்ளை அணுக்கள் விழுந்து எழ வேண்டும், ஆபரேஷன் புண் ஆற வேண்டும், இதற்கெல்லாம் புரதச் சத்து வேண்டும். என்னிடம் வருகிறவர்களில் பலர் இதே தப்பைச் செய்துவிட்டு நாலு கிலோ இளைத்து வந்து உட்காருகிறார்கள், அதைத் திரும்ப ஏற்ற நான் படும் பாடு தனிக்கதை.

சரி, இந்த ஹெர்2 என்ன செய்கிறது என்று பார்ப்போம், ஏனென்றால் இது புரிந்தால் உங்கள் மற்ற கேள்விகளில் பாதிக்கு விடை கிடைத்துவிடும்.

நம் எல்லோர் உடம்பிலும் ஹெர்2 உண்டு. செல்லின் மேற்பரப்பில் ஆன்டெனா மாதிரி நின்று, "வளரலாம், பிரியலாம்" என்ற செய்தியை உள்ளே அனுப்புவது அதன் வேலை. அதற்கான ஜீன் 17ஆம் குரோமோசோமில் இருக்கிறது, சாதாரண செல்லில் இரண்டு பிரதி. சில மார்புக் கட்டிகளில் இந்த ஜீன் தாறுமாறாகப் பெருகிவிடுகிறது, அதனால் செல்லின் மேல் இந்தப் புரதம் லட்சக்கணக்கில் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கிறது. அவ்வளவு நெருக்கத்தில் ஒன்றோடொன்று ஜோடி சேர்ந்துகொள்கின்றன, முக்கியமாக ஹெர்3 என்ற உறவுக்காரப் புரதத்தோடு, அப்புறம் யாரும் சொல்லாமலேயே "வளர், வளர்" என்ற உத்தரவு ஓயாமல் போய்க்கொண்டே இருக்கிறது. கி-67 45 சதவீதம் என்றால் அந்த உத்தரவுக்குச் செல்கள் கீழ்ப்படிந்து வேகமாகப் பிரிந்துகொண்டிருக்கின்றன என்று பொருள், அதைத் தனியாக நினைத்துப் பயப்பட ஒன்றும் இல்லை.

1987இல் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலஸில் டென்னிஸ் ஸ்லேமன் என்ற டாக்டரும் கூட இருந்தவர்களும் 189 மார்புக் கட்டிகளை எடுத்துப் பார்த்தார்கள். கிட்டத்தட்ட 30 சதவீதத்தில் இந்த ஜீன் பெருகியிருந்தது, அந்தப் பெண்களுக்கு நோய் சீக்கிரமே திரும்பி வந்தது, உயிரிழப்பும் முந்தியது. (இன்றைய கணக்குப்படி இது 15 முதல் 20 சதவீதம்.) அந்தக் காலத்தில் இந்த ரிப்போர்ட் வந்தால் டாக்டர்களுக்கே முகம் வாடும். ஸ்லேமன் அங்கேதான் பிடியைக் கண்டார்: இந்தப் புரதம்தான் நோயை ஓட்டுகிறது என்றால், அதைப் பிடித்து நிறுத்தினால் நோயும் நிற்க வேண்டும். ஜெனென்டெக் கம்பெனியில் ஆக்செல் உல்ரிச்சின் குழு ஏற்கெனவே ஹெர்2 ஜீனைப் பிரித்தெடுத்து வைத்திருந்தது, அங்கேதான் ஹெர்2வைப் பிடித்துக்கொள்கிற ஆன்டிபாடியும் உருவானது, அதுதான் ட்ரஸ்டுசுமாப், நீங்கள் சொல்கிற டார்கெட் ஊசி. நடுவில் கம்பெனிக்கே இதில் ஆர்வம் குறைந்தபோது ஸ்லேமனின் ஆராய்ச்சிக்குப் பணம் கொடுத்துத் தாங்கியது ரெவ்லான், ஆமாம், லிப்ஸ்டிக் விற்கிற அதே கம்பெனி. 1998 செப்டம்பரில் ட்ரஸ்டுசுமாப் அமெரிக்காவில் அனுமதி பெற்றது, முதலில் பரவிவிட்ட நோய்க்கு மட்டும். 2005இல் ஆரம்பநிலை நோயாளிகளிடம் நடந்த பெரிய ஆய்வுகளின் முடிவுகள் வந்தன. கீமோவோடு இதையும் சேர்த்துக் கொடுத்தவர்களுக்கு நோய் திரும்பும் வாய்ப்பு ஏறக்குறைய பாதியாகக் குறைந்திருந்தது. புற்றுநோய் மருத்துவத்தில் ஒரே மருந்தால் பாதி குறைவது அடிக்கடி நடக்கிற விஷயம் இல்லை.

ஆக டாக்டர் சொன்ன "வேகமான வகை" உண்மைதான், ஆனால் அந்த வேகத்துக்குக் காரணமான புரதம் கட்டியின் வெளிப்பக்கமே தெரிகிற இடத்தில் நிற்கிறது, அதைப் பிடிக்க மருந்தும் இருக்கிறது. இன்னொரு வேகமான வகை உண்டு, ஈ.ஆர்., பி.ஆர். (இரண்டும் பெண் ஹார்மோன்களை ஏற்கிற புரதங்கள்), ஹெர்2 மூன்றும் இல்லாதது. அங்கே இப்படி ஒரு தெளிவான பிடி கிடைக்காமல் நாங்கள் பல வருடம் திண்டாடினோம், இப்போதுதான் இம்யூனோதெரபி அது இது என்று வழி திறந்திருக்கிறது. உங்கள் அக்கா ரிப்போர்ட்டில் 3+ என்று இருப்பதை நான் நல்ல செய்தியாகத்தான் படிக்கிறேன்.

இங்கே ரிப்போர்ட் பற்றி ஒரு வார்த்தை. 3+ என்றால் சந்தேகம் இல்லை. 2+ என்று வந்திருந்தால் ஃபிஷ் என்ற இன்னொரு டெஸ்ட் செய்து ஜீன் உண்மையாகவே பெருகியிருக்கிறதா என்று எண்ணிப் பார்க்காமல் முடிவெடுக்கக் கூடாது (இதைப் படிக்கிற மற்றவர்களுக்காகவும் சொல்கிறேன்). எடுத்த சதையை ஒரு மணி நேரத்துக்குள் ஃபார்மலின் என்ற பதப்படுத்தும் திரவத்தில் போட்டு, 6 மணி நேரத்துக்குக் குறையாமல், 72 மணி நேரத்துக்கு மிகாமல் வைத்திருக்க வேண்டும், இல்லையென்றால் டெஸ்டே தப்பாகக் காட்டலாம். லேபில் இருந்து சதையைப் பதித்து வைத்திருக்கும் மெழுகு பிளாக்கையும் ஸ்லைடையும் வாங்கிப் பத்திரமாக வையுங்கள். வேறு ஆஸ்பத்திரிக்குப் போனால் முதலில் அதைத்தான் கேட்பார்கள்.

இப்போது அத்தானின் அவசரம். அவர் பயம் எனக்குப் புரிகிறது, கட்டி என்றால் வெட்டி எறி என்பதுதான் எல்லோருக்கும் தோன்றும். ஆனால் இந்த வகையில், 2 செ.மீ.க்கு மேல் கட்டி அல்லது அக்குளில் நெறி இருந்தால், முதலில் மருந்து கொடுப்பதுதான் இன்று வழக்கம், உங்கள் அக்காவுக்கு இரண்டுமே இருக்கிறது. கட்டியை வைத்துக்கொண்டு நாலைந்து மாதம் எப்படி இருப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். யாரும் காத்திருக்கப் போவதில்லை, முதல் டிரிப் ஏறுகிற அன்றே சிகிச்சை தொடங்கிவிட்டது. கண்ணுக்குத் தெரியாமல் ரத்தத்தில் ஒன்றிரண்டு செல் எங்காவது போயிருந்தால் அதையும் அந்த மருந்துதான் தேடிப்போகும், கத்தி போகாது. ஒவ்வொரு சுற்றுக்கும் முன் டாக்டர் கையால் தொட்டுப் பார்ப்பார், நடுவில் அல்ட்ராசவுண்டு செய்வார். பெரும்பாலும் இரண்டு மூன்று சுற்றிலேயே கட்டி இளகிச் சுருங்குவது அக்காவுக்கே தெரியும். மருந்துக்கு அடங்காமல் வளர்வது மிகச் சிலருக்குத்தான், அப்படி நடந்தால் உடனே ஆபரேஷனுக்கு மாறிக்கொள்ளலாம்.

இதில் இன்னொரு பெரிய லாபம் இருக்கிறது, அத்தானிடம் இதை முக்கியமாகச் சொல்லுங்கள். மருந்து முடிந்து ஆபரேஷன் செய்து எடுத்ததை நுண்ணோக்கியில் பார்க்கும்போது, கட்டி முழுவதும் கரைந்துபோய் ஒரு புற்றுச் செல்கூட இல்லை என்று வந்தால், ட்ரஸ்டுசுமாபையே தொடர்ந்து மொத்தம் ஒரு வருடம் முடிக்க வேண்டியதுதான், கூட பெர்டுசுமாப் (ஹெர்2வையே வேறு இடத்தில் பிடிக்கிற இன்னொரு ஆன்டிபாடி) போட்டிருந்தால் அதையும் தொடரலாம். கொஞ்சம் மிச்சம் இருக்கிறது என்று வந்தால் மருந்தை மாற்றுவோம். டி-டிஎம்1 என்று ஒன்று இருக்கிறது, அதே ஆன்டிபாடியின் மேல் கீமோ மருந்தை ஒட்ட வைத்தது, ஹெர்2 உள்ள செல்லுக்குள் போய்த்தான் அந்தக் கீமோ அவிழும். மிச்சம் இருந்தவர்களிடம் நடந்த ஆய்வில், மூன்று வருடம் கழித்து நோய் திரும்பாமல் இருந்தவர்கள் பழைய மருந்தில் 77 சதவீதம், இதில் 88.3 சதவீதம். முதலிலேயே ஆபரேஷன் செய்துவிட்டால், மருந்து கேட்டதா இல்லையா என்று தெரிந்துகொள்ளும் வாய்ப்பே போய்விடும், மருந்தை மாற்ற வேண்டிய ஆளுக்கு மாற்றாமல் விட்டுவிடுவோம்.

முதல் சுற்றுக்கு முன்னால் ஒன்று மறக்காமல் கேளுங்கள்: "கட்டிக்குள் க்ளிப் வைத்தாயிற்றா?" எள்ளளவு உலோகத் துண்டு, அல்ட்ராசவுண்டு பார்த்துக்கொண்டே ஊசி வழியாகக் கட்டிக்குள் வைப்பார்கள், மரத்துப்போகும் ஊசி போட்டுத்தான், கொஞ்ச நேர வேலை. நன்றாகக் கேட்கிற கட்டி அப்படியே மறைந்துவிடும், அப்புறம் சர்ஜன் எந்த இடத்தை எடுப்பது என்று தேட வேண்டியிருக்கும், அந்த க்ளிப்தான் அடையாளம். அக்குள் நெறியிலும் ஒன்று வைப்பது நல்லது. சொல்லாவிட்டால் சில இடங்களில் இது விட்டுப்போகிறது.

கீமோ இல்லாமல் டார்கெட் ஊசி மட்டும்? இதை ஆய்வாகவே செய்து பார்த்திருக்கிறார்கள், நியோஸ்பியர் என்று பெயர். ஆபரேஷனுக்கு முன் ட்ரஸ்டுசுமாப், பெர்டுசுமாப் இரண்டையும் ஒரு கீமோ மருந்தோடு கொடுத்தவர்களில் 45.8 சதவீதம் பேருக்கு மார்பில் கட்டி முழுவதும் கரைந்தது. கீமோ இல்லாமல் அந்த இரண்டு ஊசி மட்டும் போட்டவர்களில் 16.8 சதவீதம். வித்தியாசத்தைப் பாருங்கள். 44 வயது, நெறியில் நோய், ஈ.ஆர்., பி.ஆர். இரண்டும் நெகட்டிவ், இந்த அக்காவுக்குக் கீமோவை விட்டுவிட நான் சம்மதிக்க மாட்டேன். முடி கொட்டும், திரும்ப வளரும். பெர்டுசுமாப் சேர்த்தால் வயிற்றுப்போக்கு வரலாம், உப்புச்சர்க்கரைக் கரைசலும் டாக்டர் எழுதிக்கொடுத்த மாத்திரையும் கைவசம் இருக்கட்டும். ஒரு தெர்மாமீட்டர் வாங்கி வையுங்கள். கீமோ காலத்தில் 100.4 டிகிரி காய்ச்சல் வந்தால் நள்ளிரவானாலும் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். பாராசிட்டமால் கொடுத்து விடியட்டும் என்று படுக்கிற விஷயம் இல்லை அது, இதில்தான் உயிருக்கு ஆபத்து. முள்சீத்தா இலைக் கஷாயம், கருஞ்சீரகம் என்று யாராவது கொண்டுவந்தால் கையெடுத்துக் கும்பிட்டு வாங்கி அலமாரியில் வைத்துவிடுங்கள். கீமோவோடு கலக்க வேண்டாம், கல்லீரல் கோளாறு வந்தால் எதனால் வந்தது என்றே எங்களுக்குத் தெரியாமல் போகும்.

இதயம் பற்றிய பயத்தில் உண்மை இருக்கிறது, ஆனால் சொல்கிறவர்கள் பாதியைத்தான் சொல்கிறார்கள். இதயத் தசைக்கும் ஹெர்2 கொஞ்சம் தேவை, அதனால் ட்ரஸ்டுசுமாப் சிலருக்கு இதயம் பம்ப் செய்யும் திறனைக் குறைக்கும். பெரும்பாலும் மருந்தை நிறுத்தி வைத்தால் சரியாகிவிடுகிறது. கூடக் கொடுக்கிற கீமோ எது என்பதைப் பொறுத்தும் ஆபத்து மாறும். ஒரு பெரிய ஆய்வில், "சிவப்பு மருந்து" என்று வார்டில் சொல்கிற டாக்ஸோருபிசினைக் கொடுத்துவிட்டு இதைத் தொடர்ந்த பிரிவில் 2 சதவீதம் பேருக்கு இதயம் பலவீனமானது, டோசிடாக்சல், கார்போபிளாட்டினோடு கொடுத்த பிரிவில் 0.4 சதவீதம். சிவப்பு மருந்து இல்லாமல் கொடுக்க முடியுமா என்று டாக்டரிடம் கேளுங்கள், பலர் இப்போது அப்படித்தான் கொடுக்கிறோம். ஆரம்பிக்கும் முன் ஒரு எக்கோ, அப்புறம் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை. எக்கோவில் ஈ.எஃப். என்று ஒரு எண் இருக்கும், இதயம் பம்ப் செய்யும் திறனைக் காட்டுவது, அதை ஒரு நோட்டில் தேதியோடு எழுதிக்கொண்டே வாருங்கள். 62இல் இருந்து 48க்கு இறங்கினால் உங்களுக்கே கண்ணில் படும். படி ஏறினால் மூச்சு வாங்குவது, கால் வீக்கம், படுத்தால் மூச்சு முட்டுவது, இவற்றை அடுத்த சுற்று வரை தள்ளிப்போடாமல் சொல்லுங்கள்.

பணம். இதைப் பற்றி வெளிப்படையாகப் பேசுவதே நல்லது. "விலை குறைந்தது போலி" என்று சொன்னவருக்கு இதைச் சொல்லுங்கள்: பெங்களூரில் பயோகான் செய்த ட்ரஸ்டுசுமாப் 2014இல் இங்கே விற்பனைக்கு வந்தது, அந்த மருந்தை 2017 டிசம்பரில் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. தன் நாட்டிலேயே விற்க அனுமதித்தது. மூல மருந்துக்கு இணையாக வேறு கம்பெனிகள் செய்கிற இவற்றை பயோசிமிலர் என்பார்கள். வந்தபோது 440 மி.கி. வயல் (மருந்துக் குப்பி) 57,500 ரூபாய், அதன் பிறகு பல கம்பெனிகள் போட்டிக்கு வந்து விலை வெகுவாக இறங்கிவிட்டது. என் நோயாளிகளில் பெரும்பாலானவர்களுக்கு நான் எழுதுவது பயோசிமிலர்தான். நீங்கள் பயப்பட வேண்டியது வேறு ஒன்றுக்கு: பில் இல்லாமல், "பாதி விலைக்கு வாங்கித் தருகிறேன்" என்று வருகிற ஆளுக்கு. 2024 மார்ச்சில் டெல்லியில் காலி வயல்களில் எதையோ நிரப்பி விலையுயர்ந்த புற்றுநோய் மருந்து என்று விற்ற கும்பலைப் போலீஸ் பிடித்தது. ஆஸ்பத்திரி பார்மசியில் பில் போட்டு வாங்குங்கள், பெட்டியையும் பேட்ச் நம்பரையும் வைத்துக்கொள்ளுங்கள், போட்டு முடித்த வயலின் லேபிளைக் கிழித்துவிடச் சொல்லுங்கள்.

ஒரு சின்னக் கணக்கு, வீட்டுக்குப் பணம் மிச்சமாகும். அக்கா 60 கிலோ என்று வைத்துக்கொள்வோம். முதல் டோஸ் கிலோவுக்கு 8 மி.கி., ஆக 480. அடுத்தடுத்து மூன்று வாரத்துக்கு ஒரு தடவை கிலோவுக்கு 6, ஆக 360. 440 வயலில் 80 மி.கி. மிச்சம். வயலோடு வருகிற, கிருமி வளரவிடாத பிரத்யேகத் தண்ணீரில் கரைத்திருந்தால், ஃப்ரிட்ஜில் (ஃப்ரீசரில் கூடாது) 2 முதல் 8 டிகிரியில் 28 நாள் வரை வைக்கலாம், அடுத்த டோஸ் 21ஆம் நாள்தானே. வேறு தண்ணீரில் கரைத்தால் வைக்க முடியாது. அதை ஆஸ்பத்திரி ஃப்ரிட்ஜிலேயே பெயர், தேதி எழுதி வைக்கச் சொல்லுங்கள், ஃபிளாஸ்க்கில் போட்டு பஸ்ஸில் கும்பகோணத்துக்கும் திரும்பவும் தூக்க வேண்டாம். 150 மி.கி. வயலும் கிடைக்கும், எது கட்டுப்படியாகும் என்று பார்மசியில் போட்டுப் பாருங்கள்.

குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் என்றால் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்ட அட்டை இருக்கிறதா பாருங்கள், 5 லட்சம் வரை உண்டு. ட்ரஸ்டுசுமாப் அதில் அடங்குமா, எத்தனை டோஸ் என்று அந்த ஆஸ்பத்திரி காப்பீட்டு கவுண்டரில் முதல் சுற்றுக்கு முன்பே கேட்டு அனுமதி வாங்கிவிடுங்கள், ஆரம்பித்த பிறகு அலைவது கஷ்டம். எல்லாம் பார்த்தும் பணம் பற்றாது என்றால் என் வரிசை இது: ட்ரஸ்டுசுமாபை விடவே கூடாது, பெர்டுசுமாப் முடிந்தால் சேர்க்கலாம், அதற்கும் இந்தியத் தயாரிப்புகள் வந்துவிட்டன. ஒரு வருடம் முழுக்க முடியாவிட்டால் ஆறு மாதமாவது. பிரிட்டனில் 4,000 பேருக்கு மேல் சேர்ந்த ஆய்வில், நான்கு வருடம் கழித்து நோயின்றி இருந்தவர்கள் ஆறு மாதம் போட்டவர்களில் 89.4, ஒரு வருடம் போட்டவர்களில் 89.8 சதவீதம். அதில் ஆபத்து குறைந்தவர்கள் நிறையப் பேர், அதனால் நெறியில் நோய் இருக்கிற அக்காவுக்கு ஒரு வருடம்தான் என் விருப்பம். ஆனால் வருடம் முழுக்க முடியாது என்பதற்காக ஒன்றுமே போடாமல் விடுகிறார்களே, அதுதான் எனக்குக் கோபம் வருகிற இடம். நிலத்தை விற்கும் முடிவுக்குப் போகும் முன் டாக்டரிடம் உள்ளதைச் சொல்லுங்கள், எங்களில் யாரும் அதைத் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை.

உங்களைப் பற்றி. ஹெர்2 பெருகுவது பரம்பரையாக வருவதில்லை, அது அக்காவின் கட்டிக்குள் மட்டும் நடந்தது, பிள்ளைகளுக்கோ உங்களுக்கோ அதைக் கடத்த முடியாது. பரம்பரையாக வரக்கூடியது பி.ஆர்.சி.ஏ. போன்ற வேறு ஜீன்கள். அக்காவுக்கு 50 வயதுக்குள் வந்திருப்பதால் அந்த ரத்தப் பரிசோதனை அவருக்கு முதலில் செய்வது நியாயம், அதில் ஏதாவது வந்தால்தான் உங்களுக்கும் செய்ய வேண்டும். வராவிட்டாலும் உங்களுக்கு மற்றவர்களைவிடக் கொஞ்சம் கூடுதல் கவனம் தேவை. பிள்ளைகளின் பள்ளி, அக்காவின் ஆஸ்பத்திரி என்று தள்ளிப்போடாமல், அடுத்த முறை அவரோடு போகும்போது நீங்களும் மார்பை டாக்டரிடம் காட்டிவிடுங்கள், மேமோகிராம் எந்த வயதில் ஆரம்பிப்பது என்று அங்கேயே முடிவாகட்டும், 40க்கு மேல் தள்ள வேண்டாம்.